ஏ-7: ஒரு கூலி நோட்டு

மருத்துவமனை மீது வழக்குப் போட வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடு வருவார்கள். பில்லை மேசைமேல் போட்டுவிட்டு, டாக்டரின் பெயரைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்குவார்கள். 2010 மார்கழியில் என்னைத் தேடி வந்த அந்தப் பெண்ணிடம் கோபம் இல்லை. ஈரோடு மாவட்டம், சென்னிமலைப் பக்கத்துக் கிராமம். போர்வைக்கு ஓரம் தைக்கிற வேலை. வயது நாற்பது. காலைக் குளிரில் நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி ஃபேனைப் போடச் சொன்னார். நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை அரும்பியிருந்தது. சற்று நேரத்தில் அடங்கியது. பிறகு குளிர்கிறது என்று ஃபேனை நிறுத்தச் சொன்னார்.

"எனக்கு என்ன பண்ணுனாங்கன்னு தெரியோணுங்க வக்கீலம்மா. கேஸ் போடறது அப்புறம் இருக்கட்டுங்க" என்றார்.

கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதில் டிஸ்சார்ஜ் சம்மரி, மடிப்பில் கிழிந்த ஸ்கேன் ரிப்போர்ட், பிரிக்காத கவர் ஒன்று, மாத்திரை தீர்ந்த அட்டைகள், நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு. எதை வைப்பது, எதை எறிவது என்று தெரியாததால் எல்லாவற்றையும் வைத்திருந்தார். அந்தத் தெரியாமைதான் பிற்பாடு வழக்கைக் காப்பாற்றியது.

முப்பத்தொரு வயதில் தொடங்கியிருக்கிறது. ஐந்து நாளில் நிற்க வேண்டியது எட்டு, ஒன்பது நாளாக நீண்டது. முதல் இரண்டு நாள் கட்டிகட்டியாகப் போகும். வலி அடிவயிற்றில் பிடித்து, இடுப்பைச் சுற்றித் தொடைவரை இறங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். கொடுக்க வேண்டிய மாத்திரைதான். ஆனால் ரத்தம் ஏன் குறைகிறது என்று யாரும் பார்க்கவில்லை. டவுனில் ஒரு டாக்டர், "ரெண்டு பிள்ளை பெத்த உடம்புக்கு இதெல்லாம் சகஜம்மா" என்றார். இன்னொருவர், அவரும் பெண்தான், வீட்டில் ஏதாவது பிரச்சினையா, கணவர் குடிப்பாரா என்று விசாரித்துவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். அந்த வீட்டில் யாரும் குடிப்பதில்லை. 2005-இல் எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பை பெருத்திருப்பதாக ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்தவர், "பயப்பட ஒண்ணுமில்ல" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். மாமியாரோ, "ஊருல ஆரும் வூட்டுக்குத் தூரமாகறதே இல்லையா?" என்று கேட்டார். அதற்குமேல் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மெடிக்கலில் போய், "வலி மாத்திரை, ரத்தம் நிக்கற மாத்திரை" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். சீட்டு கிடையாது, பில் கிடையாது.

2009 ஆவணியில் தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தார். தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது ஹீமோகுளோபின் 6.4. ஒரு பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் டாக்டர் வந்து, "கர்ப்பப்பையை எடுத்திரலாம், விட்டா கேன்சராயிரும்" என்றார். கர்ப்பப்பைச் சவ்வைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் காயில் ஒன்று இருக்கிறது, அதை வைத்தே பல பெண்களுக்குப் போக்கு அடங்கிவிடும் என்ற பேச்சே எழவில்லை.

ஏன் உடனே ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை என்னிடம் வரும் இளம் வக்கீல்களுக்குச் சொல்லிவருகிறேன். "அத்தன வருசத்துல அவரு ஒருத்தருதானுங்க ஒனக்கு என்னமோ இருக்குதுன்னு சொன்னாரு." எட்டு வருடம் ஒன்றுமில்லை என்றே கேட்டுவந்த பெண்ணுக்கு, இருக்கிறது என்று சொன்ன முதல் வாய் தெய்வ வாக்காகிவிடுகிறது. அடுத்த கேள்வி கேட்கும் தெம்பு அவளிடம் இருப்பதில்லை. அவசியமில்லாத கர்ப்பப்பை அறுவைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பணத்தாசையைப் பற்றிப் பேசுவார்கள், பயமுறுத்தலைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய வருடங்களில் அவளைத் திருப்பி அனுப்பியவர்கள்தான் அந்தப் பயத்துக்கு வழி திறந்துவிட்டவர்கள் என்பது என் எண்ணம்.

சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். அறுவை முடிந்தது. போக்கு நின்றது, வலியும் போனது. அதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆனால் மருத்துவமனைக் கட்டிலிலேயே அந்தச் சூடு தொடங்கிவிட்டது. நெஞ்சிலிருந்து கிளம்பி முகத்துக்கு ஏறும், உடம்பெல்லாம் நனையும், பிறகு நடுக்கம். காய்ச்சல் என்று நினைத்து நர்ஸிடம் சொன்னார், தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லை என்றது. வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி நாலைந்து தடவை எழுந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மூட்டு வலித்தது. காரணமில்லாமல் அழுகை வந்தது, பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தார். கணவரோடு படுக்கவே பயமாகிவிட்டது, அவ்வளவு எரிச்சல். திரும்பப் போய்ச் சொன்னபோது, "ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தாம்மா இருக்கும்" என்றார்கள். மறுபடியும் அதே பதில்.

2010 தை மாதம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு மூத்த பெண் டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்துவிட்டு, "முட்டைப் பையையும் எடுத்துட்டாங்களே, எதுக்குன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் இவருக்கே தெரிந்தது. "கர்ப்பப்பை மட்டுந்தானுங்க" என்று அந்த டாக்டரிடமே வாதாடியிருக்கிறார்.

சினைப்பை இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் இந்த வழக்குக்காகத்தான் முறையாகப் படித்தேன். இயல்பான மாதவிடாய் நிறுத்தம் சில ஆண்டுகள் ஏறி இறங்கி மெல்ல வருகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் முடிகிறது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதப்போக்கு நிற்குமே தவிர, சினைப்பை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சினைப்பையையும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் மயக்க மருந்து தெளிவதற்குள் சரியத் தொடங்கிவிடுகிறது. உடல் பழகிக்கொள்ள அவகாசமே கிடையாது. எலும்பு சீக்கிரம் தேயும், இதய நோய்க்கான வாய்ப்பு கூடும். 45 வயதுக்குள் இப்படி எடுக்க நேர்ந்தால், தடை ஏதும் இல்லாத பெண்ணுக்கு, இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் மாத்திரை கொடுப்பதுதான் முறை. இவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆன்டிபயாடிக் இருந்தது, இரும்பு மாத்திரை இருந்தது, வலி மாத்திரை இருந்தது. ஹார்மோன் என்ற பேச்சே இல்லை.

பிரிக்காத கவரில் இருந்தது பயாப்சி ரிப்போர்ட். எடுத்த உறுப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்பி வந்த முடிவு. அதை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை, நான்தான் படித்துச் சொன்னேன். கர்ப்பப்பை இயல்பைவிடப் பெரியது. அடினோமயோசிஸ். புற்று இல்லை. இரண்டு சினைப்பைகளும் இயல்பாக உள்ளன.

அடினோமயோசிஸ் என்றால் என்ன என்று கேட்டார். கர்ப்பப்பைக்குள் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற சவ்வு இருக்கிறதல்லவா, அது உங்களுக்குத் தசைச் சுவருக்குள்ளேயும் புகுந்து வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அந்தத் தசைக்குள்ளேயே ரத்தம் கசியும், கர்ப்பப்பை வீங்கும், அதனால்தான் அத்தனை போக்கும் வலியும் என்று சொன்னேன். அவர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அப்ப நெசமாத்தான் வலிச்சிருக்குதுங்களா?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதார்.

ஒரே தாள்தான். மேல் பாதி, எட்டு வருடம் அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்றது. கீழ்ப் பாதி, நன்றாக இருந்த இரண்டு உறுப்புகளை எடுத்துவிட்டார்கள் என்றது. வழக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பாதிக்கு வழக்கு இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

அவருக்கு மேல் பாதிதான் முக்கியம். ஒன்றுமில்லை என்று அனுப்பிய எல்லாரையும் கேட்க வேண்டும் என்றார். நுகர்வோர் சட்டத்தில் வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வர வேண்டும். அந்தப் பழைய டாக்டர்கள் எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை, காலமும் கடந்துவிட்டது. அதே 2010-இல்தான் உச்ச நீதிமன்றம் டாக்டர் ஸ்ரீகண்டே வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1993-இல் பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்துகொண்ட ஒரு செவிலியருக்கு வயிற்றில் துணி வைத்துத் தைத்துவிட்டதாக வழக்கு. 2002-இல்தான் அது வெளியே வந்தது. இத்தனை வருடம் வலியோடு இருந்தவர் அறுவை செய்த டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டு, காலம் கடந்தது என்று தள்ளிவிட்டார்கள். சட்டத்தின் கணக்கில் அந்தத் தீர்ப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்களுக்கு, பொறுத்துக்கொண்டதே பாதகமாகிப்போகும் என்பதை அது எனக்குக் காட்டியது. அதைப் படித்த நாளிலிருந்து, உடல்நலம் பற்றி என்னிடம் பேசவரும் எந்தப் பெண்ணிடமும் முதலில் தேதியைத்தான் கேட்கிறேன்.

எனவே எதிர்தரப்பு ஒன்றே ஒன்று, அறுவை செய்த மருத்துவமனை. எட்டு வருடக் கதையை முறையீட்டு மனுவின் மூன்றாவது பத்தியில் வரலாறாக எழுதினேன். அதற்கு நிவாரணம் கேட்க முடியாது என்று அவரிடம் விளக்கினேன். "கேக்க வேண்டாங்க. எழுத்துல இருக்கட்டுங்க" என்றார்.

கேஸ் ஷீட் வாங்குவது அடுத்த வேலை. மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். பதிவுத் தபாலில் எழுதினோம். பதில் இல்லை. நினைவூட்டலில் அந்த விதியின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய பிறகு ஜெராக்ஸ் கட்டு ஒன்று வந்தது.

அதில் சம்மதப் படிவத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு பக்கம். நடுவில் அறுவையின் பெயரை எழுத ஒரு கோடு. கோட்டின்மேல் டி.ஏ.எச். என்று மூன்று எழுத்து, அதாவது வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்தல். அதற்குப் பக்கத்தில், கோட்டுக்கும் கீழ் வரிக்கும் நடுவில் இடித்துப் பிடித்து, ஒரு கூட்டல் குறியும் பி.எஸ்.ஓ. என்ற எழுத்துகளும். இரு பக்கச் சினைக்குழாயும் சினைப்பையும் எடுத்தல் என்று பொருள். கீழே கணவரின் கையெழுத்து பெரிதாக. அதற்குக் கீழே, சாட்சிக்கு உரிய இடத்தில், இவருடைய தமிழ்க் கையெழுத்து. நோயாளி கையெழுத்திட வேண்டிய இடம் காலி.

ஜெராக்ஸில் மை தெரியாது. அசலைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் மனுப் போட்டேன். இரண்டு வாய்தா தள்ளி அசல் வந்தது. முதல் மூன்று எழுத்து நீல மை, கூட்டல் குறியிலிருந்து கறுப்பு மை. மன்றத் தலைவர் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த பெண் உறுப்பினரிடம் நகர்த்தினார். அன்றைய நுகர்வோர் சட்டத்தின்படி மாவட்ட மன்றத்தில் ஓர் உறுப்பினராவது பெண்ணாக இருக்க வேண்டும். இந்த விதி எதற்காக என்று நான் அன்று நேரில் பார்த்தேன். அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கினார். "ஹார்மோன் மாத்திரை எதாவது கொடுத்தீங்களா?" என்று எதிர்தரப்பு வக்கீலிடம் கேட்டார். கட்சிக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் அவர்.

பதிலுரையில் மருத்துவமனை சொன்னது இதுதான். முறையீட்டாளருக்கு இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு அறுவையும் முன்பே செய்தவர், எனவே சினைப்பையை எடுத்ததால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. கணவர் சம்மதித்தார். பிற்காலத்தில் சினைப்பையில் புற்று வராமல் தடுக்கவே எடுத்தோம். மூன்றாவது பத்தி பற்றித் தங்களுக்கு ஏதும் தெரியாது, அதை முறையீட்டாளரே கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும்.

பிள்ளை பெற்று முடித்த பெண்ணுக்கு இழப்பு இல்லை என்ற வரிதான் என்னை மிகவும் வருத்தியது. ஒரு பெண்ணின் உறுப்புக்குப் பிள்ளையைத் தவிர வேறு வேலையே இல்லை என்று ஒரு டாக்டர் பிரமாண வாக்குமூலத்தில் எழுதுகிறார். அவருடைய ராத்திரிகள், எலும்பு, மனசு, கணவரோடு உள்ள வாழ்க்கை எதுவுமே கணக்கில் இல்லை. இதற்குப் பதில் சொல்ல, சொல்லக் கூசுகிற விஷயங்களையும் எங்கள் வாக்குமூலத்தில் எழுத வேண்டியிருந்தது. அவரிடம் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். படுக்கை பற்றிய பத்தி வந்தபோது எழுதலாமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "எழுதுங்க" என்றார். சம்மதம் பற்றிக் கணவரும் ஒரு தனி வாக்குமூலம் தர வேண்டியிருந்தது. தறி வேலை செய்கிற மனிதர், அதிகம் பேசாதவர். கர்ப்பப்பை மட்டும்தான் என்று சொல்லித்தான் தன்னிடம் கையெழுத்து வாங்கினார்கள், சினைப்பை என்ற வார்த்தையையே அன்று கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்த வாக்குமூலம் இல்லாவிட்டால் கறுப்பு மையை மட்டும் வைத்துக்கொண்டு நான் நெடுந்தூரம் போயிருக்க முடியாது.

சட்டம் எங்கள் பக்கம் தெளிவாக இருந்தது. சமிரா கோலி வழக்கு. 1995 மே மாதம், டெல்லியில், அதிகப் போக்குக்காகச் சென்ற 44 வயது மணமாகாத பெண். கண்டறிவதற்கான லேப்ராஸ்கோப்பிக்குத்தான் அவர் முதன்மையாகச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே நின்ற வயதான தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2003-இல் வழக்கைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16-இல் அதை மாற்றியது. சுயநினைவு திரும்பக்கூடிய, வயதுவந்த பெண்ணுக்காக வேறு யாரும் சம்மதம் தர முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் ஒழிய, ஒன்றுக்குத் தந்த சம்மதத்தை இன்னொன்றுக்கு நீட்ட முடியாது. என்ன செய்யப்போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் என்ன என்று சொல்லி வாங்குவதுதான் சம்மதம். அறுவைக் கட்டணத்தை வாங்கக் கூடாது என்றும் 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் உத்தரவானது. பதின்மூன்று ஆண்டுப் போராட்டத்துக்கு அந்தத் தொகை மிகக் குறைவு என்பதே என் கருத்து. ஆனால் அந்தத் தீர்ப்பு வகுத்த நெறி எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம்.

எதிர்தரப்பு வக்கீல், அது தாயின் சம்மதம், இது கணவரின் சம்மதம், இரண்டும் வேறு என்று வாதிட்டார். மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறையையும் காட்டினார். மலட்டுத்தன்மை ஏற்படுத்தக்கூடிய அறுவைக்குக் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறது அது. நான் அதே வரியைத்தான் திரும்பப் படித்தேன். இருவர் சம்மதமும் என்றுதான் இருக்கிறது. மனைவிக்குப் பதிலாகக் கணவன் என்று அந்த வரி சொல்லவில்லை.

நுகர்வோர் மன்றத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். கேள்விகளை எழுத்தில் கொடுத்து எழுத்திலேயே பதில் வாங்குவோம். சினைப்பைகளை எடுப்பது என்று எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டிருந்தேன். அறுவைக்கு முன்பே என்று ஒரு பதில். பிறகேன் இரண்டு மை என்ற கேள்விக்கு, வயிற்றைத் திறந்து பார்த்தபோது சினைப்பைகளில் நீர்க்கட்டி தென்பட்டதால் பிறகு சேர்த்து எழுதினோம் என்று இன்னொரு பதில். அவர்களுடைய ஆபரேஷன் குறிப்பிலேயே இரண்டும் இயல்பாக உள்ளன என்று எழுதியிருந்தது, பயாப்சியும் அதையேதான் சொன்னது. நிபுணர் சாட்சி இல்லை என்று கடைசியாக ஓர் ஆட்சேபம் எழுப்பினார்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் வேண்டியதில்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தக் குறிப்பையும் பயாப்சியையும் படிக்க நிபுணர் எதற்கு?

மூன்றாவது பத்திக்கு மட்டும் என்னிடம் சான்று இல்லை. 2005 ஸ்கேன் ஒன்றுதான். விட்டுவிடலாம், வழக்குக்கு அது தேவையில்லை என்று சொல்லிக்கொண்டே அந்தப் பையை மறுபடி கொட்டிப் பார்த்தேன். கணக்கு நோட்டு வெளியே வந்தது. இது எதற்கு என்றேன். நகைக் கடனுக்குக் கணக்குப் பார்க்க எடுத்துவந்தது, பையிலேயே கிடக்கிறது என்றார்.

அது அவருடைய கூலி நோட்டு. உருப்படிக் கணக்கில் கூலி. எந்தத் தேதியில் எத்தனை போர்வை தைத்தார் என்று மேஸ்திரி எழுதி, சனிக்கிழமை கூட்டி, கையெழுத்துப் போட்டிருந்தார். சாதாரண நாளில் நாற்பது, நாற்பத்தைந்து என்று ஓடுகிறது. திடீரென்று ஒரு நாள் இருபது, மறுநாள் ஒரு கோடு, அடுத்த நாளும் கோடு, பிறகு பதினைந்து, அப்புறம் மெல்ல ஏறி நாற்பது. பக்கத்தைப் புரட்டினால் நாலு வாரம் தள்ளி அதே சரிவு, அதே கோடுகள். பொங்கல் மாதமும் அப்படித்தான், தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியிலும் அப்படித்தான். இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டுப் பரணில் இருந்து பழைய நோட்டுகளையும் கொண்டுவந்தார். வருடம் போகப் போகக் கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. எந்த டாக்டரும் எழுதி வைக்காத நோயை, என்னவென்று தெரியாமலேயே, ஒரு மேஸ்திரி மாதம் தவறாமல் எழுதி வைத்திருந்தார். அவரே வந்து, இது தன் கையெழுத்துதான் என்று வாக்குமூலம் கொடுத்தார். ஏ-7 என்று குறியீடானது.

2013-இல் தீர்ப்பு. கர்ப்பப்பையை எடுத்தது குறித்துக் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை என்றது மன்றம். ரத்தம் அந்த அளவுக்குக் குறைந்த நிலையில் அது ஏற்கத்தக்க சிகிச்சைதான், மாற்று வழிகளைச் சொல்லாதது குறையே ஆனாலும் அதற்குத் தனி இழப்பீடு இல்லை என்றது. இதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. மாற்று வழியைச் சொல்லியிருந்தால் அறுவையே தேவைப்படாமல் போயிருக்கலாம் என்பது என் வாதம். சினைப்பைகள் விஷயத்தில் மன்றம் தயங்கவில்லை. சம்மதமின்றி, தேவையின்றி, ஆரோக்கியமான உறுப்புகள் அகற்றப்பட்டன. பின்விளைவுகளைச் சொல்லாமலும் அதற்குச் சிகிச்சை தராமலும் அனுப்பியது சேவைக் குறைபாடு. இரண்டு லட்சம் ரூபாய் இழப்பீடு, ஐயாயிரம் செலவுத் தொகை. மருத்துவமனை மேல்முறையீடு செய்தது, அதிலும் தீர்ப்பு உறுதியானது.

தீர்ப்பு நகல் வந்த அன்று அவரை வரச் சொன்னேன். தொகையைச் சொன்னேன், தலையாட்டினார். "மூணாவது பத்திக்கு என்னங்க எழுதியிருக்காங்க?" என்றார். அதைப் படித்தேன். முறையீட்டாளர் அறுவைக்கு முன் பல ஆண்டுகள் மாதந்தோறும் கடும் அவதிக்கு உள்ளாகி வந்தார் என்பது சான்றாவணம் ஏ-7 மூலம் தெரியவருகிறது என்று இருந்தது. திரும்ப ஒரு முறை படிக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார், மாமியாரிடம் காட்ட வேண்டுமாம். அப்போது அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவந்தார். சூடு குறைந்திருந்தது. எலும்பு அடர்த்தி குறைந்துவிட்டது, அது திரும்பி வரவில்லை.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்கு மேல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையின்றிக் கர்ப்பப்பைகள் எடுக்கப்பட்டதாகத் தொடுத்த பொதுநல வழக்கில், மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் மருத்துவமனையில் படிவம் நீட்டப்படும்போது அங்கே நீதிமன்றம் நிற்காது, நீங்கள்தான் நிற்பீர்கள்.

எனவே இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்துச் சீட்டு எதையும் எறியாதீர்கள். மாதவிலக்கு வந்த தேதி, நின்ற தேதி, வேலைக்குப் போக முடியாத நாள் ஆகியவற்றைக் காலண்டரிலாவது குறித்து வையுங்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அவசர நிலை இல்லாதபோது, இன்னொரு டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன், "சினைப்பையை என்ன செய்யப்போறீங்க, எதுக்காக?" என்று கேளுங்கள், பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேஸ் ஷீட் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். வழக்கென்று வந்தால், 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கெடு இரண்டு ஆண்டுதான். சிகிச்சைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நீங்களே மனுக் கொடுக்கலாம்.